சம்பளக்காரரின் செலவும் சர்க்காரின் கணக்கும்



ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்ததும் நம் காலனி வீடுகளில் ஒரு காகிதத்தைப் பற்றிய பேச்சு எழும். சம்பளத்தில் வரி பிடித்த அலுவலகம் அதற்குச் சான்றாக அளிக்கும் பத்திரம் அது. படிவம் 16 என்ற பெயரால் அதை நெடுங்காலம் அறிந்திருக்கிறோம். அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், முதன்முதலாக உத்தியோகத்தில் அமர்ந்தவர், அந்தப் பத்திரத்தைக் கையில் ஏந்தி ஒரு மாலை நம்மிடம் வந்தார். "மாமா, இதில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்று 75,000 ரூபாய் கழித்திருக்கிறார்களே, இது சர்க்கார் நமக்குத் தரும் இனாமா?" என்று வினவினார்.

"இனாம் அன்று, தம்பி, உமக்குச் சேர வேண்டியதே" என்று விடை பகர்ந்தோம். ஏன் அப்படி என்று அவர் மேலும் கேட்டபோது, ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்க இயலவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று மாடிப்படியில் அமர்ந்து சொன்னதையே சற்று ஒழுங்குபடுத்தி இம்மலரில் எழுத முற்பட்டுள்ளோம். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களே நம்முள் மிகுதியாதலின், இச்சரித்திரம் நம் வீட்டுச் சரித்திரமும் ஆகும்.

வரி வந்த வரலாறு

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குவதில் ஆங்கில அரசாங்கத்தின் பொக்கிஷம் வறண்டது. அதைச் சீர்செய்ய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். 'எக்கனாமிஸ்ட்' என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையை 1843-இல் தோற்றுவித்தவர் இவரே. 1860-ஆம் ஆண்டு இவர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் வருமான வரி இந்நாட்டுக்குப் புதிதாக வந்தது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானம் உள்ளோர் தப்பினர். 200 முதல் 500 ரூபாய்க்குள் பெறுவோர் நூற்றுக்கு 2 வீதமும், அதற்கு மேற்பட்டோர் நூற்றுக்கு 4 வீதமும் செலுத்தக் கடமைப்பட்டனர்.

இவ்வரியை முதலில் எதிர்த்து எழுந்த குரல் நம் சென்னையிலிருந்து எழுந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. எழுப்பியவர் தமிழர் அல்லர்; சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன். இந்த வரி இந்நாட்டு மக்களுக்குப் பொருந்தாது என்று எழுதிய அவர், தம் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளில் வெளிவரவும் செய்தார். மேலிடத்தை மீறிய குற்றத்துக்காக அவ்வாண்டே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனோ 1860 ஆகஸ்டு மாதம் கல்கத்தாவில் நோயுற்றுக் காலமானார். காலச் சக்கரம் சுழன்று, அதே டிரெவெலியன் கவர்னர் ஜெனரலின் சபையில் நிதிப் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார். 1865-இல் அந்த வரி முடிவுக்கும் வந்தது.

ஆயினும் வரி என்பது வாசல் வழியே போனாலும் ஜன்னல் வழியே திரும்பி வரும் விருந்தாளியாகும். இடையிடையே பல பெயர்களில் தலைகாட்டி, 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது நிலையாகக் குடியேறியது. அச்சட்டம் வருமானத்தை நான்கு பகுதியாகப் பிரித்தது. அவற்றுள் முதலாவதாக நின்றது சம்பளமும் பென்ஷனும்! ஆண்டுக்கு 500 ரூபாய் பெறும் குமாஸ்தாவும் ரூபாய்க்கு நான்கு தம்பிடி வீதம் செலுத்தினார். 1903-இல்தான் அந்த வரம்பு 1,000 ரூபாயாக உயர்ந்தது. வியாபாரியின் வருமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சம்பளக்காரரின் வருமானமோ சம்பளப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பளம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறை உறுதியாயிற்று. ஆகவே பணம் நம் கைக்கு வருமுன்னரே சர்க்காரின் பங்கு சென்றுவிடுகிறது.

குதிரைக்கு இடமுண்டு, ரயிலுக்கு இல்லை

இப்போது நம் விஷயத்தின் உள்ளே செல்வோம். பணம் சம்பாதிக்கப் பணம் செலவாகிறது. ஆதலால், வந்ததில் அதை ஈட்டுவதற்கு ஆன செலவைக் கழித்து, எஞ்சியதையே வருமானமாகக் கொள்வது நியாயம். வியாபாரிக்கு இந்த நியாயம் என்றும் மறுக்கப்பட்டதில்லை. தாராவியில் தோல் பை தைத்து விற்கும் ஒருவர் தோல், நூல், பசை, பட்டறை வாடகை, மின்சாரம், கூலி அனைத்தையும் கழித்த பிறகே தம் லாபத்தைச் சொல்கிறார். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, தொழிலின் பொருட்டே முழுவதும் செய்த செலவு என்றால் கழித்துக்கொள்ளலாம் என்று அவருக்கு வழிவிட்டது.

உத்தியோகஸ்தருக்கு மட்டும் வேறொரு துலாக்கோல். இதன் மூலம் ஆங்கில நாட்டில் இருக்கிறது. 1853-ஆம் ஆண்டு அங்கே நிறைவேறிய வருமான வரிச் சட்டம், உத்தியோகம் வகிப்பவர் தம் கடமையைச் செய்கையில் மேற்கொள்ளும் பிரயாணச் செலவையும், அக்கடமைக்காகக் குதிரை வைத்துப் பராமரிக்கும் செலவையும் கழிக்க அனுமதித்தது. மற்றச் செலவுகளுக்கோ மூன்று பூட்டுகளைப் போட்டது: அச்செலவு முழுவதும் கடமைக்காக இருக்க வேண்டும்; கடமைக்காக மட்டுமே இருக்க வேண்டும்; அன்றியும், தவிர்க்கவே முடியாததாக இருக்க வேண்டும். வியாபாரிக்கு இந்த மூன்றாவது பூட்டு இல்லை.

அதே 1853-ஆம் ஆண்டில்தான், ஏப்ரல் 16-ஆம் நாள், போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு இந்நாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் ஓடியது என்பதை எண்ணும்போது நமக்கு வியப்புண்டாகிறது. கடல் கடந்த நாட்டில் சட்டம் குதிரையை எண்ணிக்கொண்டிருந்த வேளையில், பம்பாயில் ரயில் புறப்பட்டுவிட்டது! இன்று மாதுங்காவிலும் சயானிலும் நாம் ஏறி இறங்கும் மத்திய ரயில்வேயின் வழியும் அதுவே.

பிரயாணச் செலவைப் பற்றிய கேள்விக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1920களில் விடை சொல்லியது. லண்டனில் குடியிருந்து வக்கீல் தொழில் செய்த ஒருவர், போர்ட்ஸ்மத் நகரில் நியாயாதிபதி பதவியும் வகித்தார். லண்டனிலிருந்து அங்கே சென்றுவரும் ரயில் கட்டணத்தைத் தம் வருமானத்தில் கழிக்க வேண்டும் என்று கேட்டார். சபை மறுத்துவிட்டது. அவருடைய கடமை போர்ட்ஸ்மத்தில் நியாய ஸ்தலத்தில் தொடங்குகிறது. அங்கே போய்ச் சேருவது கடமைக்கு முந்தியது. லண்டனில் வசிப்பது அவருடைய சொந்த இஷ்டம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

வசதி படைத்த வக்கீலுக்கு இத்தீர்ப்பு பொருந்தலாம். ஆனால் நம் நிலை என்ன? மாதுங்காவில் 1915-இல் ஜி.ஐ.பி. ரயில்வேயின் பட்டறை எழுந்தது. டிராம்பேயில் 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. கோட்டைப் பகுதியில் கம்பெனிகளும் சர்க்கார் அலுவலகங்களும் நிறைந்தன. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுத் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த நம்மவர், வாடகைக்குக் கட்டுப்படியான இடத்தில் குடியேறினர். மக்கள் பெருகியபின் செம்பூருக்கும், அதற்கப்பாலும் நகர்ந்தனர். கோட்டையில் வேலை பார்ப்பவர் கோட்டையில் குடியிருக்க முடியாமற் போனது அவருடைய இஷ்டமா? சீசன் டிக்கெட் இல்லாமல் அவர் தம் நாற்காலியை அடைவது எங்ஙனம்? ஜெர்மனி தேசத்தில் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அளந்து வரிக் கணக்கில் கழிக்கிறார்கள். ஆகவே இது உலகில் இல்லாத விநோதக் கோரிக்கை அன்று.

1961-ஆம் ஆண்டுச் சட்டம்

சுதந்திர இந்தியாவின் வருமான வரிச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டு, 1962 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 16-ஆம் பிரிவு சம்பளக்காரருக்கு ஐந்து வகைக் கழிவுகளை முதலில் வகுத்தது. வேலைக்கு வேண்டிய புத்தகங்கள் வாங்க 500 ரூபாய் வரை ஒன்று. விருந்துபசாரப் படி பெறுவோர்க்கு ஒன்று. உத்தியோகத்தின் மீது விதிக்கப்பட்ட வரிக்கு ஒன்று. வேலையின் பொருட்டுச் சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு அதன் பராமரிப்புக்கும் தேய்மானத்துக்கும் அதிகாரி மதிப்பிடும் தொகை ஒன்று. ஐந்தாவது, வேலை நிபந்தனையின்படி தம் சம்பளத்திலிருந்து செலவழித்தே தீரவேண்டிய தொகை. இதற்கும் ஆங்கிலேயரின் அதே மூன்று பூட்டுகள்.

இப்பட்டியலை நிதானித்துப் பாருங்கள். குதிரை போய் மோட்டார் வண்டி வந்திருக்கிறது. வண்டி உடையவருக்குச் சட்டத்தில் ஒரு வரி எழுதப்பட்டது. மழைக்காலத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, டிபன் கேரியரை மார்போடு அணைத்து, ரயில் வாசற்படியில் நின்று செல்பவருக்கு அதில் இடமில்லை. விருந்து வைப்பவருக்கு வழியுண்டு. வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போடும் செலவுக்கு வழியில்லை. சட்டம் செய்தவர்கள் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லவில்லை. சிறு சம்பளக்காரரின் செலவு சில்லறைச் செலவு. சில்லறைக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததைச் சட்டம் காண்பதில்லை. குறை அங்கேதான் இருந்தது.

பம்பாய் நகரமே இவ்விஷயத்தில் ஒரு முறை நீதிமன்றம் ஏறியது. இந்நகரில் வாழ்க்கைச் செலவு அதிகம் என்பதால் உத்தியோகஸ்தர்களுக்கு நகர ஈட்டுப்படி வழங்கப்பட்டு வந்தது. பெயரிலேயே ஈடு என்று இருக்கிறதே, இதற்கும் வரியா என்ற கேள்வி எழுந்தது. 1970களில் பம்பாய் உயர் நீதிமன்றம், இது அதிகச் செலவுக்கு ஈடாகத் தருவதேயாகும், வரி விதிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. உத்தியோகஸ்தர்கள் மகிழ்ந்த நேரம் மிகக் குறுகியது. 1975-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வேலை பார்க்கும் ஊரிலோ குடியிருக்கும் ஊரிலோ ஆகும் சொந்தச் செலவுக்குத் தரும் படி விலக்குப் பெறாது என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. சேர்த்ததோடு, அவ்விளக்கம் 1962 ஏப்ரல் முதலே இருந்ததாகக் கொள்ளப்படும் என்றும் விதித்தது. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அப்படிகள் சம்பளத்தின் பகுதியே என்று உறுதிசெய்தது. ஊர் வாங்கும் விலை நம்முடையது. அதற்குத் தந்த ஈடும் வருமானம் ஆயிற்று!

1974: ரசீது வேண்டாம் என்ற ஆண்டு

ரசீதுச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரம் 1974-இல் பிறந்தது. அப்போது மத்திய நிதியமைச்சராக இருந்தவர், 1960-இல் உதயமான மகாராஷ்டிர மாநிலத்தின் முதல் முதலமைச்சரான யஷ்வந்த்ராவ் சவாண் அவர்கள். அவ்வாண்டு நிதிச் சட்டம், புத்தகம், வண்டி, பிற செலவு என்று தனித்தனியே கேட்பதை நீக்கிவிட்டு, எல்லாச் சம்பளக்காரருக்கும் பொதுவாக ஒரு கழிவை வகுத்தது. ஆண்டுச் சம்பளத்தில் முதல் 10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 20 வீதம். அதற்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு 10 வீதம். மொத்தம் 3,500 ரூபாயைத் தாண்டலாகாது. இதுவே நிலையான கழிவு, அதாவது நாம் வழங்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்.

ஆண்டுக்கு 8,000 ரூபாய் சம்பளம் பெற்ற குமாஸ்தாவுக்கு 1,600 ரூபாய் கழிந்தது. 25,000 பெற்றவருக்கு 3,500 கழிந்தது. அதற்கு மேல் எவ்வளவு பெற்றாலும் அவ்வளவே. வண்டியோ வண்டிப்படியோ அலுவலகத்தால் பெற்றவருக்கு 1,000 ரூபாய்தான். செலவு ஏற்கெனவே ஈடுசெய்யப்பட்டவருக்குக் குறைவு, சொந்தக் கையால் செலவழிப்பவருக்கு மிகுதி என்ற இந்த ஏற்பாட்டிலிருந்தே இக்கழிவின் இயல்பு விளங்குகிறது. இது தயவு அன்று. கணக்கிட முடியாத செலவுக்கு ஒரு கை மதிப்பு. ரசீதைச் சேர்த்து வைக்கும் தொல்லையும், அதிகாரியின் சந்தேகத்துக்கு ஆளாகும் தொல்லையும் ஒருங்கே ஒழிந்தன. வாசற்படியில் நின்ற பிரயாணிக்கும் சட்டத்தில் முதன்முறையாக ஓர் இடம் கிடைத்தது.

ஏற்றமும் இறக்கமும்

அதன்பின் விலைவாசி ஏற ஏற, கழிவின் உச்ச வரம்பும் படிப்படியாக ஏறியது. 1997-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 20,000 ரூபாயை எட்டியது. அதைச் செய்தவர் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ப. சிதம்பரம் அவர்கள். 2003-இல் ஜஸ்வந்த் சிங் அவர்கள், 5 லட்சம் வரை சம்பளம் பெறுவோர்க்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 40 வீதம் அல்லது 30,000 ரூபாய், இவற்றுள் குறைந்தது என்று விதித்தார். அதற்கு மேற்பட்டோர்க்கு 20,000.

பிறகு வந்தது 2005-ஆம் ஆண்டு. 1997-இல் கழிவை உயர்த்திய அதே சிதம்பரம் அவர்களே அதை அடியோடு நீக்கினார். வரி இல்லாத வருமான வரம்பை 1 லட்சமாக உயர்த்தியிருக்கிறோம். சேமிப்புக்கு 1 லட்சம் வரை கழிவு தந்திருக்கிறோம். ஆகவே சம்பளக்காரருக்குத் தனிக் கழிவு தேவையில்லை என்பது அவர் காட்டிய காரணம். மேலோட்டமாகப் பார்த்தால் இலாபமாகவே தோன்றியது. நாமும் அன்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு குறை இருந்தது. 1 லட்ச வரம்பு சம்பளக்காரருக்கு மட்டும் அன்று; வியாபாரிக்கும் வக்கீலுக்கும் டாக்டருக்கும் அதே வரம்பு. சேமிப்புக் கழிவும் எல்லோருக்கும் பொது. அவர்கள் தங்கள் தொழிற்செலவைக் கழித்த பிறகே அவ்வரம்புக்குள் வருகிறார்கள். நாம் மட்டும் செலவைக் கழிக்காமல் முழுச் சம்பளத்தோடு அதே வாசலில் போய் நின்றோம். போதாக்குறைக்கு 2010-க்குப் பிறகு சிறு வியாபாரிகளுக்கு இன்னோர் எளிய வழியும் விரிந்தது. 100 ரூபாய் விற்பனையில் 8 ரூபாயை லாபமென ஒப்புக்கொண்டால், மற்றவை செலவென்று கணக்குப் புத்தகமின்றியே ஏற்கப்பட்டன. விற்ற சரக்கின் விலையும் அதில் அடங்குமாதலால் அதை நம் கழிவோடு நேருக்கு நேர் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் ரசீது கேளாமல் செலவை ஏற்கும் தாராளம் அவர்களுக்குக் கிடைத்த அதே காலத்தில், அது நமக்கு இல்லாமலிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

2018 பிப்ரவரி 1-ஆம் நாள், நிதியமைச்சர் அருண் ஜேட்லி அவர்கள் பாராளுமன்றத்தில் ஒரு கணக்கைப் படித்தார். 2016-17 மதிப்பீட்டு ஆண்டில் 1.89 கோடி சம்பளக்காரர்கள் 1.44 லட்சம் கோடி ரூபாய் வரி செலுத்தியிருந்தனர். ஆளுக்குச் சராசரி 76,306 ரூபாய். சுயதொழிலும் வியாபாரமும் செய்யும் 1.88 கோடிப் பேர் செலுத்தியது 48,000 கோடி. ஆளுக்குச் சராசரி 25,753 ரூபாய். சம்பளக்காரரின் சுமை சர்க்காரின் வாயிலிருந்தே வெளிப்பட்டது. அன்றே 40,000 ரூபாய் நிலையான கழிவு மீண்டும் உயிர்பெற்றது.

இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதுவரை மாதம் 1,600 வீதம் ஆண்டுக்கு 19,200 ரூபாய் பிரயாணப் படிக்கு வரி விலக்கு இருந்தது. மருத்துவச் செலவை ஈடுசெய்ய 15,000 வரை விலக்கு இருந்தது. இரண்டும் சேர்ந்து 34,200. இவற்றை எடுத்துக்கொண்டே 40,000 தந்தனர். ஆக, இவ்விரண்டையும் முழுதும் பெற்று வந்தவருக்குப் புதிதாகக் கிடைத்தது 5,800 ரூபாயே. ஆயினும் பென்ஷன்காரர்களுக்கு முழு நன்மை உண்டாயிற்று. பென்ஷனும் சட்டப்படி சம்பளமேயாதலால், முன்பு படி ஒன்றும் இல்லாதிருந்த அவர்களும் இக்கழிவைப் பெற்றனர்.

2019-இல் அது 50,000 ஆயிற்று. 2020-இல் குறைந்த வீதமும் குறைந்த கழிவும் கொண்ட புதிய வரி முறை ஒன்று வந்தபோது, அதில் இக்கழிவு இடம்பெறவில்லை. 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அங்கும் அதைச் சேர்த்தது. 2024 ஜூலையில், மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்கள் புதிய முறையில் அதை 75,000 ஆக உயர்த்தினார். பழைய முறையில் 50,000 அப்படியே நின்றது. 2025-இல் புதிய முறைப்படி 12 லட்சம் வரை வரியில்லை என்று அறிவிக்கப்பட்டபோது, சம்பளக்காரருக்கு மட்டும் அந்த எல்லை 12,75,000 ஆனது இக்கழிவின் பயனே. அவ்வாண்டு ஆகஸ்டில் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 2026 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு உரியது. நிலையான கழிவு அதிலும் தொடர்கிறது.

வீட்டுக் கணக்கு

75,000 ரூபாய் என்பது மாதத்துக்கு 6,250. நாளொன்றுக்கு ஏறத்தாழ 205. அன்று மாடிப்படியில் அந்த இளைஞரோடு அமர்ந்து கூட்டிப் பார்த்தோம். ரயில் சீசன் டிக்கெட், நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு பஸ் அல்லது பங்கு ஆட்டோ, நண்பகல் உணவு, அலுவலக உடை, காலணி, கைபேசிக் கட்டணம், தொழிலில் பின்தங்காதிருக்கக் கற்கும் பாடங்களுக்கான கட்டணம், மழைக்காலத்தில் ஒரு குடை உடைந்தால் இன்னொரு குடை. சட்டத்தின் மூன்று பூட்டுகளைப் போட்டால் இவற்றுள் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் இவையின்றி அவர் வேலைக்குப் போகவும் முடியாது. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவதே நிலையான கழிவு. கூட்டி முடித்ததும், "அப்படியானால் இனாம் இல்லைதான், மாமா" என்றார் அவர்.

இனி, நம் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில.

முதலாவது: பழைய முறை, புதிய முறை என்ற இரண்டில் எது நமக்கு உகந்தது என்பதை ஆண்டுதோறும் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு பழைய முறைக்கே உரியது. மகாராஷ்டிரத்தில் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி, மாதம் 200 வீதமும் பிப்ரவரியில் 300-மாக ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை ஆகிறது. அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு வகுத்த உச்சமும் அதுவே. இதைக் கழிப்பதும் பழைய முறையில் மட்டுமே. வண்டியோடு செல்லும் ரயில்வே ஊழியர்களின் ரன்னிங் அலவன்ஸுக்கு, தினப்படி பெறாதிருந்தால் நூற்றுக்கு 70 வீதம், மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல், 1961-ஆம் ஆண்டுச் சட்ட விதிகள் விலக்கு அளித்தன. சீருடைப் படிக்கும் அவ்வாறே. புதிய முறையைத் தேர்ந்தவர் இவ்விரண்டையும் விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது: அலுவலகக் காரியமாக வெளியூர் சென்றுவரும் பிரயாணப் படியும் தினப்படியும் வேறு; வீட்டிலிருந்து அலுவலகம் செல்லும் செலவு வேறு. முன்னது வேலைக்கென்றே செலவழிந்த அளவுக்கு இரு முறைகளிலும் விலக்குடையது. ஆகவே அந்த ரசீதுகளை எறிந்துவிடலாகாது.

மூன்றாவது: குடும்பத் தலைவரை இழந்து குடும்பப் பென்ஷன் பெறும் தாய்மார்கள் நம் காலனிகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிலையான கழிவு பொருந்தாது. ஆனால் வேறொரு கழிவு உண்டு. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், இவற்றுள் குறைந்தது. புதிய முறையில் இந்த 15,000 என்பதை 2024-இல் 25,000 ஆக்கினர். படிவத்தை நிரப்பித் தரும் பிள்ளைகள் இதை மறவாதிருப்பார்களாக.

முடிவுரை

2019-ஆம் ஆண்டு ஜூலையில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது நிர்மலா சீதாராமன் அவர்கள் புறநானூற்றை எடுத்துக்காட்டினார். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த பாடல் அது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் இறங்கினாலோ, தின்பதினும் மிதிபடுவதே மிகுதி என்பது புலவரின் கருத்து. பாராளுமன்றத்தில் தமிழ் ஒலித்தது கேட்டு நம் நெஞ்சம் குளிர்ந்தது. ஆனால் அந்த உவமையில் இன்னும் ஒரு பாடம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அறுவடையில் ஒரு பங்கு விதைநெல். அதை எந்த உழவனும் வருமானமாக எண்ணமாட்டான். எந்த நல்லரசனும் அதில் பங்கு கேட்கமாட்டான்.

சம்பளக்காரர் நாளைக்கும் வேலைக்குச் செல்வதற்காக இன்று செலவழிப்பது அந்த விதைநெல்லே. வரி செலுத்துவதற்கு நாம் பின்வாங்கியதில்லை. பின்வாங்க வழியும் இல்லை, முன்னரே பிடித்துவிடுகிறார்கள்! சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அப்பணத்தில் எழுகின்றன என்பதும் நாம் அறிந்ததே. விதைநெல்லை வேறாக வைத்து எண்ணுங்கள் என்பதொன்றே நம் விண்ணப்பம்.

சலுகை என்று எண்ணிய காரணத்தால், 2005-இல் அதை எடுத்தபோது வாய் திறவாதிருந்தோம். உரிமை என்று அறிந்திருந்தால் கேட்டிருப்போம். ஆதலின் நம் பிள்ளைகள் முதல் சம்பளம் வாங்கும் நாளில், அந்தப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் பெற்றோர் உடனிருந்து படித்துக் காட்ட வேண்டுகிறோம். அதிலுள்ள 75,000 என்ற எண்ணின் பின்னே குதிரையும் ரயிலும், கவர்னர் ஒருவர் பதவி இழந்த கதையும், வாசற்படியில் நின்று சென்ற நம் தந்தையரின் உழைப்பும் இருக்கின்றன என்று அவர்கள் அறிவார்களாக.

வாழிய நம் சங்கம்!